மரக் கித்தாரா, கரி இழைக் கித்தாரா?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில், சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் மரவேலை செய்யும் அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் ஒரு வழக்கறிஞரையோ டாக்டரையோ அழைத்து நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்வது வழக்கம். இந்த வருஷம் மரம் இழைக்கிற ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பேசிப் பழகியவன் இல்லை. ஆனால் காரணம் சொன்னார்கள், ஒத்துக்கொண்டேன். இந்தப் பள்ளியின் சாமான் அறையில் ஆறு கித்தார்கள் கிடக்கின்றன. ஆறும் மரக் கித்தார். இரண்டில் தந்தி கட்டும் பாலம் பெயர்ந்துவிட்டது. ஒன்றில் முகப்பலகை வெடித்திருக்கிறது. மற்ற மூன்றும் வயிறு உப்பிப் போய் நிற்கின்றன. பெற்றோர் சங்கத்திடம் கொஞ்சம் பணம் இருக்கிறது. அதை வைத்து இந்த ஆறையும் பழுது பார்ப்பதா, இல்லை இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, கார்பன் ஃபைபர் என்கிறார்களே, அந்தக் கரி இழைக் கித்தார் ஒன்றிரண்டு வாங்குவதா என்று சங்கத்தில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஒரு கட்சி, "கரி இழை உளுக்காது, உப்பாது, ஒருதரம் வாங்கினால் முடிந்தது" என்கிறது. இன்னொரு கட்சி, "மரத்துக்குத்தான் உயிர் உண்டு" என்கிறது. நடுவில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள்.

தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். பேர் வேண்டாம். பக்கத்துப் புளோக்கில் இருக்கும் பிள்ளை. அவளுடைய அப்பா துப்புரவு வேலை பார்க்கிறார். மிகைநேர வேலை செய்து சேர்த்த காசில் இருநூறு வெள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கித்தார் வாங்கிக் கொடுத்தார். பிள்ளை ஆறு மாதம் ஆசையாக வாசித்தாள். பிறகு விரல் வலிக்கிறது என்றாள். அப்புறம் தொடுவதே இல்லை. "எனக்கு இது வராதுப்பா, என் விரலுக்குப் பலம் இல்லை" என்று சொல்லிவிட்டாளாம். அப்பா மனம் தாங்காமல் அந்தக் கித்தாரை என்னிடம் கொண்டுவந்தார், விற்றுத் தர முடியுமா என்று கேட்டு.

நான் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது மெட்டுக்கு மேலே தந்தி ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் நல்லது. இதில் ஐந்து மில்லிமீட்டர் நின்றது. அந்தத் தந்தியை அழுத்த என் விரலே வலித்தது. நான் இருபத்தைந்து வருஷமாகப் பலகை தூக்குகிறவன்! பிள்ளையின் விரலில் ஒரு குறையும் இல்லை. கித்தாரை ஜன்னல் ஓரம், மழைச்சாரல் படுகிற சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். மரம் ஈரம் குடித்து உப்பிவிட்டது, தந்தி மேலே போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆகவே பெற்றோர்களே, நான் பேசப்போவது வெறும் சாமான் விவகாரம் இல்லை. கித்தார் கெட்டுப்போனால் பிள்ளை தன்னையே குறை சொல்லிக்கொள்கிறது. பெரியவர்களும் "ஆசைக்கு வாங்கினாள், விட்டுவிட்டாள்" என்று சொல்லிவிடுகிறோம்.

சரி, மரம் ஏன் இப்படிச் செய்கிறது? பின்வரிசைத் தோழர்களுக்கு இது தெரியும். மெராந்திப் பலகையை மழை நாளில் இறக்கி வைத்தால் அகலத்தில் பருக்கும், நீளத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மரத்தின் நார் ஓடுகிற திசைக்குக் குறுக்கேதான் அது உப்பும், சுருங்கும். கித்தாரின் முகப்பலகை மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் உள்பக்கம் குறுக்குச் சட்டங்களை ஒட்டியிருப்பார்கள். பலகை அகலத்தில் உப்பப் பார்க்கும், சட்டம் விடாது. அப்போது பலகைக்குப் போக்கிடம் ஏது? மேல்நோக்கி வளையும். அதுதான் வயிறு உப்புவது. பாலமும் கூடவே எழும்பும், தந்தியும் எழும்பும். இதோடு தந்திகள் இழுக்கிற இழுப்பு வேறு. ஆறு எஃகுத் தந்திகளையும் சுருதிக்கு முறுக்கினால் மொத்தம் எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். ஒரு ஆள் இரவு பகலாக அந்தப் பாலத்தைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி. இவ்வளவையும் அந்த மெல்லிய பலகை தாங்குகிறதே, அதுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு.

நல்ல கித்தார் செய்கிறவர்கள் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பத்தைந்து, ஐம்பது என்று இருக்கும் அறையில்தான் மரத்தை வெட்டி ஒட்டுகிறார்கள். நம் சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கச் சராசரி ஈரப்பதம் எண்பதுக்கு மேல். விடியற்காலையில் தொண்ணூறைத் தாண்டும், மழை இல்லாத பிற்பகலில் அறுபதுக்கு இறங்கும், மழை பிடித்தால் நூறைத் தொடும். அந்த ஊர்க் கணக்கில் செய்த பெட்டியை இந்த ஊர்க் காற்றில் வைக்கிறோம். அது உப்புவது அதன் குற்றமா?

இதில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு நண்பர் உப்பிய கித்தார் ஒன்றைக் கொடுத்தார். ஈரத்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணி, குளிர்சாதனத்தின் காற்று நேராக அடிக்கிற இடத்தில் மூன்று நாள் வைத்தேன். மூன்றாம் நாள் இரவு 'டப்' என்று ஒரு சத்தம். பாலத்திலிருந்து அடிவரை முகப்பலகையில் ஒரே கோடாக வெடிப்பு. மரம் ஈரத்தைக்கூடப் பொறுக்கும், வறட்சியைக்கூடப் பொறுக்கும், ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு அவசரமாகத் தள்ளினால் பொறுக்காது. இரவெல்லாம் ஏர்கான், பகலெல்லாம் திறந்த ஜன்னல் என்றிருக்கும் நம் அடுக்குமாடி வீடுகளில் பாதிக் கித்தார்கள் இப்படித்தான் சாகின்றன. நண்பரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நாலு மாதம் எடுத்து ஒட்டிக் கொடுத்தேன். அந்தத் தழும்போடு அது இன்னும் வாசிக்கிறது.

இப்போது கரி இழைக்கு வருவோம். மாணவச் செல்வங்களே, கரி என்றதும் அடுப்புக் கரியை நினைக்காதீர்கள். எடிசன் 1880-ஆம் ஆண்டு மின்விளக்குக்கு இழை தேடியபோது மூங்கில் நாரைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி எரியவிட்டார். (நம் தேக்கா என்ற பெயரே ஹொக்கியன் மொழியில் மூங்கில் அடி என்று பொருள்படும் சொல். மூங்கில் எங்கெங்கெல்லாம் வந்து நிற்கிறது பாருங்கள்!) பிறகு 1958-ல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் என்பவர் மிகுந்த வலிமை உள்ள கரி இழையைக் கண்டார். இன்றைக்கு, கம்பளிக்குப் பதிலாக அக்ரிலிக் நூல் நூற்கிறார்களே, அந்த வகைச் செயற்கை இழையை எடுத்து, உயிர்வாயு இல்லாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள். மற்றதெல்லாம் ஆவியாகிப் போய்க் கரி மட்டும் மிஞ்சும். ஒரு இழையின் கனம் உங்கள் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. அதைத் துணியாக நெய்து, அச்சில் விரித்து, எப்பாக்சிப் பசையில் ஊறவைத்து, காற்றை உறிஞ்சி அழுத்திப் பதப்படுத்தினால் ஓடு மாதிரி வந்துவிடும். விமானத்தில், பந்தயக் காரில், சைக்கிளில் எல்லாம் இதுதான்.

இது எப்படிக் கித்தாருக்கு வந்தது? அமெரிக்காவில் சார்லஸ் கமான் என்று ஒருவர். ஹெலிகாப்டர் செய்கிறவர், கித்தாரும் வாசிப்பார். ஹெலிகாப்டர் வேலையில் கிடைத்த கண்ணாடி இழை அனுபவத்தை வைத்து 1966-ல் ஓவேஷன் என்ற கித்தாரைக் கொண்டுவந்தார். முதுகு கிண்ணம் மாதிரி உருண்டு கண்ணாடி இழையில் இருக்கும், முகம் மட்டும் மரம். 1970-களின் நடுவில் அதே நிறுவனம் முகத்துக்கும் கரி இழையைப் பயன்படுத்தியது. முழுக்க முழுக்கக் கரி இழையிலேயே செய்ய முனைந்தவர்களில் ஜான் டெக்கர் முக்கியமானவர். இயற்பியல் படித்தவர். ஹவாயியில் மவுயி என்ற தீவில் இருந்தார். அங்கேயும் நம்மைப் போல வெயில், மழை, கடற்காற்று. வெளியிடத்தில் வாசிக்கிறவர்களின் நல்ல மரக் கித்தார்கள் அந்தத் தட்பவெப்பத்தில் படும் பாட்டைப் பார்த்து 1980-களில் இந்த வேலையில் இறங்கினார். அவருடைய கித்தாருக்கு ரெயின்சாங் என்று பெயர். மழைப் பாட்டு என்று சொல்லலாம். பெயரிலேயே மழையை வைத்தாரே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்தக் கித்தார் சொகுசுக்குப் பிறந்ததில்லை, ஈரத்துக்குப் பயந்து பிறந்தது. ஆகவே ஈரமான ஊரில் இருக்கிற நாம் அதை அலட்சியமாகப் பேசக் கூடாது.

மேசையில் இருக்கிற கறுப்புக் கித்தாரைப் பாருங்கள். ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி வந்தேன். போன மாதம் முழுக்க இதை என் வீட்டுச் சமையலறை வாசலில் மாட்டி வைத்தேன், அதாவது மரக் கித்தாரை ஒருபோதும் வைக்கக் கூடாத இடத்தில். தினமும் தந்தி உயரத்தை அளந்து எழுதினேன். ஒரு மயிரிழை மாறவில்லை. பக்கத்தில் ஒரு பழைய மரக் கித்தாரையும் மாட்டினேன். அது இரண்டாம் வாரமே அரை மில்லிமீட்டர் எழும்பிவிட்டது. என் மனைவி, "சாம்பார் வாசம் ஏறிய கித்தாரை யார் வாங்குவார்" என்று கேட்டாள். அது வேறு விஷயம்.

ஈரம் என்ற ஒரு கணக்கில் கரி இழைக்குத்தான் வெற்றி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கறையான் அரிக்காது, பூசணம் மரத்துக்குள் இறங்குகிற மாதிரி இறங்காது, கழுத்து வளையாது. மழையில் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுகிற பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் "ஒருதரம் வாங்கினால் முடிந்தது" என்கிற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். தந்தி எஃகுதான், துருப்பிடிக்கும். மெட்டு உலோகம்தான், தேயும். முறுக்காணி பல்சக்கரம்தான், தளரும். இவை இரண்டு கித்தாருக்கும் பொது. இழைகளைப் பிணைத்து வைத்திருப்பது பசை. எந்தப் பசை, எவ்வளவு சூட்டில் பதப்படுத்தியது என்பதைப் பொறுத்துச் சிலது அறுபது, எழுபது டிகிரியிலேயே இளகத் தொடங்கும். நண்பகல் வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அறுபதை எட்டுவது ஒன்றும் அதிசயமில்லை. மரக் கித்தாரின் பசையும் அங்கே இளகும். ஆக, காருக்குள் எதையும் போட்டு வைக்காதீர்கள்.

அப்புறம் அடி. மரம் அடிபட்டால் பள்ளம் விழும், இல்லை நார் ஓட்டத்தோடு கோடு போட்டுப் பிளக்கும். கரி இழை சின்ன அடிக்கு அசையாது, சிரிக்கும். ஆனால் கூரான விளிம்பில் ஓங்கி விழுந்தால் அடுக்கு அடுக்காக உள்ளுக்குள் விட்டுப்போகும். வெளியே ஒரு சின்னத் தெறிப்புத்தான் தெரியும், உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. விரலால் தட்டிக் கேட்டால் அந்த இடம் மட்டும் சொத்தையாகக் கேட்கும். அதைச் சரிசெய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன். விமான இறக்கையையே சரிசெய்கிறார்களே! ஆனால் அதற்கு வேறு கை வேண்டும், வேறு பட்டறை வேண்டும். என் உளியும் இழைப்புளியும் அங்கே செல்லாது. தோழர்களே, ஒரு எச்சரிக்கை. யாராவது கரி இழைச் சாமானை அறுக்கவோ தேய்க்கவோ சொன்னால் முகமூடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். அந்தத் தூள் தோலில் குத்தி அரிக்கும், மூச்சில் போனால் கெடுதல்.

மரத்தில் இருக்கிற வசதி என்ன? அது கெடுகிறது, உண்மை. ஆனால் கெட்ட இடத்தைத் திறக்கலாம், மூடலாம். வெடிப்புக்கு உள்ளே சின்னச் சின்ன மரத்துண்டுகளைக் குறுக்கே ஒட்டிப் பிடிக்க வைக்கலாம். பாலத்தைச் சூடு காட்டி எடுத்து மறுபடி ஒட்டலாம். பழைய கித்தார்களில் வஜ்ஜிரப் பசை போட்டிருப்பார்கள். அதை வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. நாளைக்கு ஒருவன் பழுது பார்க்கத் திறப்பான் என்று தெரிந்து, சூட்டுக்கும் ஈரத்துக்கும் விட்டுக்கொடுக்கிற பசையாகப் பார்த்து வைத்தார்கள். வயலின் செய்த புகழ்பெற்ற ஸ்ட்ராடிவாரி 1679-ல் செய்த கித்தார் ஒன்று இத்தாலியில் இன்றும் வாசிக்கிற நிலையில் இருக்கிறது. முந்நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று! பழுது பார்க்காமல் அத்தனை வருஷம் வந்திருக்குமா? கை மாறிக் கை மாறி, ஒவ்வொரு கையும் எதையாவது சரிசெய்துதான் அது வந்து சேர்ந்திருக்கிறது. கரி இழைக் கித்தாருக்கு நாற்பது வருஷத்து வரலாறுதான் உண்டு. இன்னும் முந்நூறு வருஷம் கழித்து அது என்ன கதி என்று யார் வந்து சொல்லப் போகிறார்கள்?

மரத்துக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது காட்டுக் கணக்கு. உலகத்தில் நல்ல கித்தார்களின் முதுகுக்கும் விலாவுக்கும் பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தைத்தான் ஒரு காலத்தில் தேடினார்கள். பிரேசில் முழுக்கட்டையை வெளியே விடுவதை நிறுத்தியதும், அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-ல் இந்திய ஈட்டிக்கு மாறியது. அதாவது நம்ம தோதகத்தி. நீலகிரிப் பக்கமும் ஆனைமலைப் பக்கமும் நிற்கிற மரம். நம் தாத்தாக்களில் சிலர் அந்த மலைகளில் தேயிலைக்கும் காப்பிக்கும் போனவர்கள்தானே! அங்கே நின்ற மரம் அமெரிக்கக் கித்தாராகி, சிங்கப்பூர்க் கடைக்கு வந்து தொங்குகிறது. அந்த மரமும் குறைந்துகொண்டே போக, தமிழ்நாடு அரசு 1994-ல் ஈட்டி மரங்களைக் காக்கவே தனிச் சட்டம் போட்டது. பிரேசில் ஈட்டி 1992 முதல் அனைத்துலக வாணிபத்தில் தடைப் பட்டியலில் இருக்கிறது. 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதையுமே கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள். கித்தாரோடு எல்லை தாண்டுகிறவர்கள் எல்லாம் தாள் தேட வேண்டியதாயிற்று. 2019 நவம்பரில்தான், செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது. பிரேசில் ஈட்டிக்கு அந்த விலக்கும் கிடையாது.

இத்தனை பாடுபட்டுத் தேடும் முதுகு மரத்தால் நாதம் அவ்வளவு மாறுகிறதா? இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2018-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முதுகும் விலாவும் மட்டும் வேறு வேறு மரம், மற்றதெல்லாம் ஒன்று. இப்படி ஆறு கித்தார்கள் செய்து, ஐம்பத்திரண்டு கித்தார் கலைஞர்களிடம் பார்க்க முடியாதபடி கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவு மரத்துக்கும் அவர்கள் பெரிய வித்தியாசம் காணவில்லை. நான் மரத்தின் கட்சிக்காரன். எனக்கே அதைப் படித்தபோது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. முகப்பலகைதான் பேசுகிறது, முதுகுக்கு நாம் கொடுக்கிற விலையில் பாதி அழகுக்கும் பெருமைக்கும் கொடுப்பது.

கரி இழையின் நாதம் எப்படி? வந்து தட்டிப் பாருங்கள். தெளிவாக, நீண்டு கேட்கும். எனக்கு அது கொஞ்சம் கண்ணாடி மாதிரி, விளிம்பு கூராகக் கேட்கிறது. என் மகனுக்கு அதுதான் பிடிக்கிறது. காது விவகாரத்தில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை.

இந்தச் சண்டை கித்தாருக்கு மட்டும் உள்ளதில்லை. நம் மிருதங்கம் பலா மரமும் தோலும். பெங்களூரில் கே. வரதரங்கன் என்ற பொறியாளர், அவரே இசைக் கலைஞரும்கூட, கண்ணாடி இழையில் கட்டையும் செயற்கைத் தோலும் வைத்து ஒரு மிருதங்கம் செய்திருக்கிறார். மழைக்குத் தளராது. ஆனால் பழைய மிருதங்கம் லேசுப்பட்டதில்லை. தோலின் நடுவில் கறுப்பாகப் பூசுகிறார்களே, அந்தக் கரணைதான் மற்ற மேளங்களில் இல்லாத சுருதி ஒழுங்கைத் தருகிறது என்று திருச்சியில் பிறந்த நம் சர் சி.வி. ராமன் 1920-லேயே எழுதினார். அதைச் செயற்கைப் பொருளில் கொண்டுவருவது எத்தனை கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். தப்பும் உறுமியும் அடித்த நம் பெரியவர்கள் ஈரத்தில் தளர்ந்த தோலை நெருப்பில் காட்டி இறுக்கினார்கள். இன்று செயற்கைத் தோல் போட்டு அடிக்கிற இளைஞர்கள் நெருப்புத் தேட வேண்டியதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் இல்லை. புளோக்குக்குக் கீழே நெருப்பு மூட்ட முடியுமா?

இனி ஆறு கித்தார் வழக்கு. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டேன். பாலம் பெயர்ந்த இரண்டும் நல்ல உடம்பு. மறுபடி ஒட்டினால் போதும். உப்பிய மூன்றில் இரண்டை மெதுவாக, இரண்டு மாதம் எடுத்து உலர்த்தி, தந்தி உயரத்தைச் சரிசெய்தால் பிள்ளைகள் வாசிக்கலாம். மூன்றாவது உள்ளே சட்டமே விட்டுப்போன ஒட்டுப்பலகைக் கித்தார், முகப்பலகை வெடித்த இன்னொன்றுக்குக் கழுத்தும் முறுக்கிவிட்டது. இந்த இரண்டையும் பழுது பார்ப்பது வீண். முறுக்காணி, பாலம் எல்லாவற்றையும் கழற்றி மற்றவற்றுக்கு உதிரியாக வைத்துக்கொள்ளலாம். ஆக நான்கு பிழைக்கும். சாமானுக்கு மட்டும் பணம் கொடுங்கள். கூலி எனக்கு வேண்டாம், ஆனால் சனிக்கிழமைகளில் நாலு மாணவர்களை என்னோடு உட்கார அனுப்ப வேண்டும். அது என் நிபந்தனை. ஒரு கரி இழைக் கித்தாரின் விலைக்கு இந்த நான்கையும் பழுது பார்த்துப் பாதிக்கு மேல் மிச்சம் பிடிக்கலாம்.

மிச்சப் பணத்தில், சங்கம் இன்னும் கொஞ்சம் சேர்த்து, கரி இழைக் கித்தார் ஒன்று, சின்ன அளவில், வாங்கட்டும் என்பதுதான் என் முடிவு. இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி கொடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த ஒன்று எதற்கென்றால், பள்ளியை விட்டு வெளியே போகிற கித்தார் அதுவாக இருக்க வேண்டும். பொங்கல் ஒளியூட்டுக்கு, சமூக மன்றத்துக்கு, திடல் நிகழ்ச்சிக்கு அதை எடுத்துப் போகலாம். வீட்டில் கித்தார் இல்லாத பிள்ளை விடுமுறையில் இரவல் எடுத்துப் போவதும் அதுவாகவே இருக்கட்டும். மூன்றறை வீட்டில் ஆறு பேர் இருக்கிற குடும்பத்தில், ஈரமானி வை, ஜன்னலை மூடு, பெட்டியில் வை என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்? அந்த வீட்டுக்கு எதையும் தாங்குகிற கித்தார்தான் போக வேண்டும். இசை அறைக்குள்ளேயே இருக்கிறவை மரமாக இருக்கலாம், அவற்றைப் பார்த்துக்கொள்ள நாம் இருக்கிறோம்.

பார்த்துக்கொள்வது என்றால் பெரிய வித்தை இல்லை. சாமான் அறையில் வைக்காதீர்கள். அது தரைத்தளம், கழிவறைச் சுவர் பக்கத்தில் இருக்கிறது. இசை அறையில் வெளிச்சுவர் அல்லாத சுவர் ஓரம் ஒரு அலமாரி. உள்ளே சில வெள்ளிக்குக் கிடைக்கிற ஈரமானி ஒன்று. முள் அறுபதைத் தாண்டினால் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாற்றுங்கள். பெரிய விடுமுறைக்கு முன் தந்தியை ஒரு சுற்று, இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம். மாதம் ஒருமுறை பன்னிரண்டாவது மெட்டில் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை எழுதுகிற பொறுப்பை ஆசிரியர்கள் மாணவர்களிடம் கொடுக்கலாம். அறிவியல் பாடத்துக்கும் ஆகும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. கடையில் "இது திட மரம், இது ஒட்டுப்பலகை" என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். வீட்டில் ஏர்கான் இல்லாமல், ஜன்னல் திறந்தே கிடக்கிற குடும்பத்துக்கு ஒட்டுப்பலகைக் கித்தாரே தாங்கும். நாரைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் உப்புவது குறைவு. நாதம் கொஞ்சம் மந்தம்தான். தொடக்கப் பிள்ளைக்கு அது போதும். வாங்கின அன்றே தந்தி உயரத்தை அளந்து பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அந்தப் பிள்ளையின் கித்தார் என்ன ஆயிற்று என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார்கள். விற்கவில்லை. ஒன்பது வாரம் என் வீட்டு அலமாரியில் கிடந்தது. பாலத்தின் எலும்புத்துண்டைக் கொஞ்சம் அராவினேன். இப்போது இரண்டேமுக்கால் மில்லிமீட்டர். போன வாரம் அப்பா வந்து எடுத்துப் போனார். பிள்ளை அதைத் திறந்து வாசித்தாளா இல்லையா என்று நான் இன்னும் கேட்கவில்லை. இன்றைக்குப் பரிசு வாங்குகிறவர்களில் அவளும் இருக்கிறாள், கணக்குப் பாடத்துக்கு. விழா முடிந்ததும் மேசையில் இருக்கிற இரண்டு கித்தாரையும் தொட்டுப் பார்க்க வாருங்கள். சின்னவர்கள் முதலில், வரிசையாக. கறுப்பானது இரவல் சாமான், கீழே போட்டுச் சோதிக்க வேண்டாம்.